இவால்யுவேஷன் போர்டில் மோடம் மாட்யூல்: டவரைப் பிடிக்கப் போகும் நேரத்தில் ரீசெட் ஆகிறது

#1 புதுச்சுற்று

வணக்கம். தொலைவில் இருக்கும் சென்சாரின் அளவை சில மணி நேரத்துக்கு ஒரு முறை சர்வருக்கு அனுப்பும் சின்னக் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பேட்டரியில் ஓட வேண்டும். அதற்காக கேட் எம்1, என்பி-ஐஓடி (இரண்டும் குறைந்த பவரில் ஓடும் கருவிகளுக்கான 4ஜி எல்டிஇ வகைகள்), 2ஜி மூன்றும் உள்ள ஒரு மோடம் மாட்யூலைத் தேர்ந்தெடுத்தேன். சொந்த போர்டு அச்சாகி வருவதற்குள் பழகிக்கொள்ளலாம் என்று அந்த மாட்யூலின் இவால்யுவேஷன் போர்டையும் (மாட்யூலைச் சோதிப்பதற்கென்றே பவர், கனெக்டர் எல்லாம் சேர்த்து வரும் போர்டு) வாங்கியிருக்கிறேன்.

யூஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகி, பவர்கீ பட்டனை ஒரு விநாடி அழுத்தினால் ஸ்டேட்டஸ் விளக்கு எரிகிறது. 115200 வேகத்தில் டெர்மினலைத் திறந்து ஏடி கமாண்ட்களை (மோடத்துக்கான கட்டளைகள்; சிபின் சிம் தயாரா என்று கேட்கும், சிஎஸ்க்யூ சிக்னல் அளவைக் கேட்கும், 99 என்றால் தெரியவில்லை) அனுப்பினால் இப்படி வருகிறது:

ஏடி
ஓகே
ஏடி+சிபின்?
+சிபின்: ரெடி
ஓகே
ஏடி+சிஎஸ்க்யூ
+சிஎஸ்க்யூ: 99,99
ஓகே
ஏடி+சிஎஸ்க்யூ
+சிஎஸ்க்யூ: 17,99
ஓகே
ஆர்டிஒய்

கடைசியில் இருக்கும் 'ஆர்டிஒய்' நான் கேட்டு வந்ததில்லை. மாட்யூல் புதிதாக ஆன் ஆகும்போது தானாகச் சொல்லும் வார்த்தை அது. அதாவது சிக்னல் கிடைத்த கொஞ்ச நேரத்தில் ரீசெட் ஆகி, மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது. திரும்பத் திரும்ப இதே கதை. ஆன்டெனா மாட்டித்தான் இருக்கிறது. மாட்யூலே பழுதா?

#2 சாலிடர்புகை

பவர் எங்கிருந்து வருகிறது? லேப்டாப் யூஎஸ்பி மட்டும்தானா?

#3 புதுச்சுற்று

ஆமாம். போர்டில் வட்டமான டிசி ஜாக் ஒன்றும், பக்கத்தில் ஒரு தள்ளு ஸ்விட்சும் இருக்கின்றன. யூஎஸ்பியிலேயே விளக்கு எரிந்ததால் அதைத் தொடவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், விபேட் (மாட்யூலுக்குப் பவர் வரும்) முனையில் 3.8 வோல்ட் அசையாமல் நிற்கிறது. டேட்டாஷீட்டில் 3.3 முதல் 4.3 வரை என்று இருக்கிறது, எனவே பவர் சரிதான் என்று நினைக்கிறேன்.

#4 ஓம்விதி

மல்டிமீட்டர் சொல்வது சராசரி. இங்கே ஆளைக் கவிழ்ப்பது சராசரி இல்லை.

2ஜி ரேடியோ தொடர்ந்து பேசாது. 4.615 மில்லி விநாடிக்கு ஒரு முறை, வெறும் 577 மைக்ரோ விநாடி மட்டும் வாயைத் திறக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்தக் குட்டி நேரத்தில் வெளியே போவது 33 டிபிஎம், அதாவது 2 வாட். ஆம்ப்ளிஃபையரின் இழப்பையும் சேர்த்தால் மாட்யூல் உறிஞ்சும் கரண்ட் 2 ஆம்பியரைத் தொடும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் சராசரி கால் ஆம்பியர் அளவில் நிற்கும். யூஎஸ்பியில் செருகும் சின்ன மீட்டரும் அதைத்தான் காட்டும், நாமும் 'கால் ஆம்பியர்தானே' என்று போய்விடுவோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர். கேபிளின் இரண்டு கம்பி, கனெக்டர் எல்லாம் சேர்த்து 0.3 ஓம் இருந்தால், 2 ஆம்பியர் ஓடும் நேரத்தில் 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். போர்டில் இருக்கும் கன்வெர்ட்டர் 5 வோல்ட்டை 3.8 ஆக்குகிற வகை என்றால் உள்ளே இழுக்கும் கரண்ட் கொஞ்சம் குறையும். எளிய எல்டிஓ (மீதி வோல்ட்டேஜைச் சூடாக்கி விடும் ரெகுலேட்டர்) என்றால் அதே 2 ஆம்பியர்தான். இதற்கு மேல் லேப்டாப் தன் போர்ட்டைக் காப்பாற்றிக்கொள்ள கரண்டைக் கட்டுப்படுத்தினால் சொல்லவே வேண்டாம். விபேட் 3.3க்குக் கீழே ஒரு கணம் போனாலும் மாட்யூல் படுத்துவிடும்.

ஏடிக்கு ஓகே வருகிறது, சிம் படிக்கிறது, சிக்னலும் தெரிகிறது, ஆனால் அடுத்த படியில் விழுகிறது என்றால் காரணம் இதுதான். அதுவரை மாட்யூல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. டவரில் பதிவு செய்யத்தான் முதல் முறையாகப் பேசுகிறது.

நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி: 2ஜியை அணைத்துவிட்டு கேட் எம்1 மட்டும் தேடும்படி பூட்டுங்கள். எல்டிஇ பக்கம் உச்சம் 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். பத்தில் ஒரு பங்கு. ரீசெட் நின்றுவிட்டால் மாட்யூல் மேல் பழி இல்லை. ஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது: விபேட் டெஸ்ட் பாயின்ட்டில் புரோபை வையுங்கள், கிரவுண்ட் கம்பி குட்டையாக இருக்கட்டும், 3.5 வோல்ட்டில் கீழ்நோக்கிய விளிம்புக்கு சிங்கிள் ட்ரிகர் போடுங்கள்.

#5 சாலிடர்புகை

சுருக்கமாக: அந்த ஸ்விட்ச் சும்மா வைக்கப்படவில்லை. அடாப்டரைச் செருகி ஸ்விட்சைத் தள்ளுங்கள்.

#6 புதுச்சுற்று

இரண்டையும் செய்தேன். கேட் எம்1 மட்டும் என்று பூட்டியதும் ரீசெட் அடியோடு நின்றது. 2ஜியைத் திறந்து விட்டதும் திரும்ப வந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு பேச்சுக்கும் 3.8இல் இருந்து 3.1 வரை குழி விழுகிறது, குழிகளுக்கு இடையே ஓம்விதி சொன்ன அதே 4.6 மில்லி விநாடி. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை ஜாக்கில் செருகி ஸ்விட்சை மாற்றிய பிறகு குழி 3.7க்குக் கீழே போவதில்லை. நன்றி.

அடுத்தது. ரீசெட் இல்லை, ஆனால் பதிவும் ஆகவில்லை. கேட் எம்1, என்பி-ஐஓடி இரண்டையும் திறந்து வைத்து ஏடி+சிஇஆர்இஜி? (டவரில் பதிவான நிலை) கேட்டால் வெகு நேரம் 0,2 என்றே வருகிறது, அப்புறம் 0,3. அதே சிம் என் ஃபோனில் நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று, நான் எதுவும் தட்டாதபோதும் சில சமயம் டெர்மினலில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் போல வரிகள் வந்து விழுகின்றன.

#7 கறுப்புத்திரை

கடைசிப் புகாருக்கு மட்டும் பதில். லினக்ஸ் பயன்படுத்துகிறீர்கள், சரியா? மோடம்மேனேஜர் என்ற சேவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். புது சீரியல் போர்ட் தென்பட்டதும் அது மோடமா என்று தானே ஏடி கமாண்ட் அனுப்பிப் பார்க்கும். நீங்கள் பார்ப்பது அதற்கு வந்த பதில்கள். சோதனை முடியும்வரை அந்தச் சேவையை நிறுத்தி வையுங்கள்.

இன்னொரு விஷயம். மாட்யூலின் சொந்த யூஎஸ்பியைச் செருகினால் ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட் முளைக்கும். ஒன்று டயக்னாஸ்டிக், ஒன்று ஜிபிஎஸ் வரிகள், ஒன்று ஏடி என்று இருக்கும். பதிலே வராத போர்ட்டைத் திறந்துவிட்டு மாட்யூல் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களை இங்கே நிறையப் பார்த்தாயிற்று.

#8 அலைவரிசை

> அதே சிம் என் ஃபோனில் நன்றாக வேலை செய்கிறது

இது எதையும் நிரூபிக்காது. ஃபோன் சாதாரண 4ஜியில் ஏறுகிறது. உங்கள் மாட்யூல் தேடுவது கேட் எம்1 அல்லது என்பி-ஐஓடி. அதே கம்பெனியின் அதே டவராக இருந்தாலும், அவர்கள் அந்தச் சேவையை அங்கே திறந்திருக்க வேண்டும், எந்த பேண்டில் திறந்திருக்கிறார்கள் என்பது உங்கள் மாட்யூலோடு பொருந்த வேண்டும், உங்கள் சிம்மின் திட்டத்திலும் அதற்கு அனுமதி இருக்க வேண்டும்.

0,2 என்றால் இன்னும் தேடுகிறது. 0,3 என்றால் நெட்வொர்க் மறுத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மறுப்பு வந்தது ஒரு வகையில் நல்ல செய்தி: ஆன்டெனா, பேண்ட், போய்வரும் ரேடியோ எல்லாம் ஓரளவு சரி, மாட்யூல் சொன்னது எதிர்முனைக்குக் கேட்டிருக்கிறது. மீதி கணக்கு வழக்குப் பிரச்சினை.

முதலில் ஏடி+சிஎம்இஇ=2 போடுங்கள். வெறும் 'எரர்' என்பதற்குப் பதிலாகக் காரணத்தை வார்த்தையில் சொல்லும். மறுப்பு வந்ததும் ஏடி+சிஇஇஆர் கேளுங்கள்.

என் சந்தேகம் ஏபிஎன் (டேட்டா இணைப்பு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர்) மேல். 2ஜியில் ஏபிஎன் தப்பாக இருந்தாலும் பதிவு நடந்துவிடும், டேட்டா திறக்கும்போதுதான் சண்டை வரும். எல்டிஇ குடும்பத்தில் அப்படி இல்லை. டவரில் பதிவு செய்யும் அதே கோரிக்கையோடு டேட்டா இணைப்பும் சேர்ந்தே போகிறது. ஏபிஎன் பொருந்தவில்லை என்றால் பதிவையே மறுக்க நெட்வொர்க்கால் முடியும். இயந்திரங்களுக்கான சிம்களுக்குப் பெரும்பாலும் தனி ஏபிஎன் இருக்கும், சிம் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். ஏடி+சிஜிடிகான்ட்=1,"ஐபி","அந்தப் பெயர்" என்று போட்ட பிறகு ஏடி+சிஃபன்=4, அப்புறம் ஏடி+சிஃபன்=1. ரேடியோவை அணைத்துப் போட்டால்தான் புதுப் பெயரோடு மறுபடி போய்க் கேட்கும்.

அதோடு சிம்மையும் பாருங்கள். சில வகை மறுப்பு வந்தால் அந்த நெட்வொர்க்கின் எண் சிம்முக்குள் தடைப் பட்டியலில் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஏபிஎன்னைத் திருத்தினாலும் மாட்யூல் தானாக அந்தப் பக்கமே போகாது, போர்டை மாற்றினாலும் பட்டியல் சிம்மோடு கூடவே வரும். படிக்க: ஏடி+சிஆர்எஸ்எம்=176,28539,0,0,12. எல்லாம் எஃப் ஆக இருந்தால் காலி. ஏதாவது எண் இருந்தால் 176க்குப் பதில் 214 போட்டு, கடைசியில் 24 எஃப் எழுத்துகளைக் கொடுத்தால் அழிந்துவிடும்.

தேடல் நீள்வதற்கு வேறு காரணம். எல்லா பேண்டையும் எல்லா ரேடியோ வகையையும் திறந்து வைத்தால் என்பி-ஐஓடி தேடல் மட்டுமே நிமிடக்கணக்கில் இழுக்கும். உங்களுக்குத் தேவையான பேண்ட் எது என்று தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள். பேட்டரிக் கருவிக்கு இது பின்னால் பெரிய லாபம்.

#9 சாலிடர்புகை

ஆன்டெனா கம்பி எந்தக் கனெக்டரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மெயினும் ஜிஎன்எஸ்எஸ்ஸும் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடங்காட்டிக்கானது) பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஜிஎன்எஸ்எஸ் ஓட்டையில் மாட்டினாலும் டவர் பக்கத்தில் இருந்தால் கசிவிலேயே சிக்னல் எண் ஏதாவது காட்டும். அந்தக் குட்டி யூ.எஃப்.எல் கனெக்டரைச் சும்மா சும்மா கழற்றி மாட்டாதீர்கள், அதற்குச் சொல்லப்பட்டிருக்கும் ஆயுள் 30 முறைதான். எஸ்எம்ஏ (திருகி மாட்டும் பெரிய கனெக்டர்) பக்கம் நூற்றுக்கணக்கான முறை தாங்கும்.

#10 புதுச்சுற்று

ஏபிஎன்தான். சிம் கொடுத்தவர்கள் தனிப் பெயர் ஒன்று தந்தார்கள். தடைப் பட்டியலிலும் ஒரு எண் உட்கார்ந்திருந்தது, அதை அழித்து ரேடியோவை அணைத்துப் போட்டதும் +சிஇஆர்இஜி: 0,5 வந்துவிட்டது. 5 என்றால் ரோமிங் என்று படித்தேன், இந்தச் சிம்முக்கு அது இயல்பாம். சர்வருக்கு ஒரு வரி அனுப்பி, பதிலும் வாங்கிவிட்டேன்.

இதற்குள் சொந்த போர்டும் வந்துவிட்டது. அதே மாட்யூல், அதே சிம், அதே மேஜை. ஆனால் இரண்டு தொல்லை. இவால்யுவேஷன் போர்டில் ஆர்எஸ்ஆர்பி (டவரின் சிக்னல் வலிமை) −85 டிபிஎம் அளவில் இருக்கிறது, என் போர்டில் −97. அப்புறம் என் போர்டில் பவரைத் துண்டித்தாலும் ஸ்டேட்டஸ் விளக்கு மங்கலாக எரிகிறது, அந்த நிலையில் பவர்கீ வேலை செய்வதில்லை.

#11 சாலிடர்புகை

இதனால்தான் இவால்யுவேஷன் போர்டில் காசைக் கொட்டாதீர்கள் என்று சொல்வது. அதில் எல்லாம் ஓடும், நம் போர்டில் எதுவும் ஓடாது. நேராக ஒரு சின்ன பிரேக்அவுட் போர்டை (மாட்யூலின் பின்களை மட்டும் வெளியே எடுத்துத் தருவது) வாங்கிக் கம்பி பிடித்திருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

#12 அலைவரிசை

ஒப்புக்கொள்ள முடியாது. பிரேக்அவுட்டில் இதே 12 டிபி குறைந்திருந்தால் காரணம் மாட்யூலா, ஆன்டெனாவா, பவரா, சிம்மா என்று நான்கு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். இப்போது மாட்யூலும் சிம்மும் இடமும் சரி என்று தெரியும். தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அந்தப் போர்டுக்குக் கொடுத்த காசு அதற்குத்தான்.

புதுச்சுற்று, குறுக்கே மாற்றிப் பாருங்கள். இவால்யுவேஷன் போர்டின் ஆன்டெனாவைக் கழற்றி, ஒரு குட்டைக் கேபிள் வழியாக உங்கள் போர்டில் மாட்டுங்கள். உங்கள் ஆன்டெனாவை அங்கே மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே செல்லில் இருக்கிறீர்களா என்று செல் எண்ணைப் பாருங்கள், வேறு செல்லுக்குத் தாவியிருந்தால் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. குவெக்டெல் மாட்யூல்களில் க்யூஇஎன்ஜி, சிம்காமில் சிபிஎஸ்ஐ என்று இதற்குத் தனிக் கமாண்ட் உண்டு. வெறும் சிஎஸ்க்யூவை வைத்து ஒப்பிடாதீர்கள். அதில் 17 என்றால் −113 + 2×17 = −79 டிபிஎம், ஆனால் அந்த எண்ணில் உங்கள் செல், பக்கத்துச் செல், இரைச்சல் எல்லாமே கலந்திருக்கும். ஆர்எஸ்ஆர்பியோடு எஸ்ஐஎன்ஆரையும் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தரம்) சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

#13 ஓம்விதி

மங்கலாக எரியும் விளக்கு என் பக்கம். உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட்டில் ஓடுகிறது, மாட்யூலின் யூஆர்ட் (சீரியல் தொடர்புப் பின்கள்) 1.8 வோல்ட். இடையில் லெவல் ஷிஃப்டர் (ஒரு வோல்ட்டேஜ் அளவிலுள்ள சிக்னலை இன்னொன்றுக்கு மாற்றும் சிப்) இருக்கிறதா? ரெசிஸ்டர் மட்டும் போட்டிருந்தால், மாட்யூலின் பவர் போன பிறகும் உங்கள் டிஎக்ஸ் (அனுப்பும்) பின் 3.3 வோல்ட்டிலேயே நின்று, மாட்யூலின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாகப் பின்வாசலில் கரண்டை ஊட்டிக்கொண்டிருக்கும். மாட்யூல் முழுதாக அணையவும் இல்லை, முழுதாக விழிக்கவும் இல்லை. அந்த நிலையில் பவர்கீக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

இவால்யுவேஷன் போர்டில் இது தெரியாததற்குக் காரணம், அங்கே லெவல் ஷிஃப்டர் ஏற்கெனவே இருக்கிறது. சர்க்யூட் படத்தைத் திறந்து பாருங்கள், மாட்யூல் தரும் 1.8 வோல்ட் வெளியீடுதான் ஷிஃப்டரின் ஒரு பக்கத்துக்குப் பவர். மாட்யூல் அணைந்தால் அந்தப் பக்கமும் சேர்ந்து அணையும். அந்தப் பகுதியை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். இவால்யுவேஷன் போர்டில் யூஆர்ட் ஜம்பர்களைக் கழற்றிவிட்டு, உங்கள் மைக்ரோகன்ட்ரோலரை ஷிஃப்டரின் இந்தப் பக்கத்தில் நேராகக் கம்பி பிடியுங்கள். ஃபர்ம்வேர் அங்கே ஒழுங்காக ஓடினால், உங்கள் போர்டில் தேட வேண்டியது சர்க்யூட்டை மட்டும்தான்.

#14 புதுச்சுற்று

ஷிஃப்டர் இல்லை, ரெசிஸ்டர்தான் இருந்தது. பழைய சர்க்யூட் ஒன்றில் இருந்து அப்படியே வந்த பகுதி அது. இப்போதைக்கு, மாட்யூலை அணைக்கும் முன் ஃபர்ம்வேர் டிஎக்ஸ் பின்னைத் தாழ்த்திவிடுகிறது. விளக்கு முழுதாக அணைகிறது, பவர்கீயும் கேட்கிறது. அடுத்த பதிப்பில் ஷிஃப்டர் வரும்.

ஆன்டெனா மாற்றிப் பார்த்ததில்: அவர்களுடைய ஆன்டெனா என் போர்டில் −87. என் ஆன்டெனா அவர்கள் போர்டில் −88. என் ஆன்டெனா என் போர்டில் மட்டும் −97. அதாவது என் ஆன்டெனாவும் நல்லது, என் போர்டும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் கெட்டது. இது எப்படி?

#15 அலைவரிசை

உங்கள் போர்டின் நீளம் எவ்வளவு?

#16 புதுச்சுற்று

45 மில்லி மீட்டர். ஆன்டெனா போர்டின் ஓரத்தில் நேராக நிற்கிற குட்டை வகை.

#17 அலைவரிசை

இந்த வகை ஆன்டெனாவுக்கு நாம் வாங்குவது பாதிதான், மறுபாதி போர்டின் கிரவுண்ட் தகடு. 800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 37.5 சென்டிமீட்டர். கால் அலை என்றால் 9.4 சென்டிமீட்டர். உங்கள் தகடு அதில் பாதிகூட இல்லை. இவால்யுவேஷன் போர்டு கை அகலத்துக்குப் பெரிசாக இருக்கும், அதனால் அங்கே மாட்டினால் அதே ஆன்டெனா சொகுசாக வேலை செய்கிறது. அவர்களுடைய ஆன்டெனா நீளமானது, பெரும்பாலும் கிரவுண்டை அதிகம் எதிர்பார்க்காத வகையாக இருக்கும், எனவே உங்கள் போர்டிலும் தாக்குப்பிடித்தது.

உயர்ந்த பேண்ட்களில் இவ்வளவு அடி விழாது. 1800இல் கால் அலை 4.2 சென்டிமீட்டர்தான். முடிந்தால் அந்த பேண்டிலும் அளந்து பாருங்கள், வித்தியாசம் சுருங்கினால் நோய் இதுதான் என்று உறுதி.

வழிகள்: போர்டை நீட்டலாம், அல்லது கிரவுண்ட் தேவைப்படாத டைபோல் வகை ஆன்டெனாவை ஒரு சின்னக் கம்பியோடு பெட்டியின் சுவரில் ஒட்டலாம். மேட்சிங் (ஆன்டெனாவைப் பொருத்திச் சீராக்கும்) பகுதிக்கு இடம் விட்டிருந்தால் அங்கே கொஞ்சம் மீட்கலாம், ஆனால் கிரவுண்ட் இல்லாத குறையை மேட்சிங் முழுதாக ஈடுகட்டாது. பெட்டிக்குள் பேட்டரியோடு வைத்து மூடிய பிறகு மறுபடி அளக்க மறக்காதீர்கள், பேட்டரியும் ஒரு உலோகத் துண்டுதான்.

#18 சாலிடர்புகை

சரி, குறுக்கே மாற்றிப் பார்க்க அந்தப் போர்டு உதவியது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அதில் ஓடியது, எனவே வடிவமைப்பு முடிந்தது' என்று எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்னது அவர்களுக்கு.

#19 புதுச்சுற்று

ஆன்டெனாவைப் பெட்டிச் சுவருக்கு மாற்றுகிறேன்.

கடைசியாக இருப்பது தூக்கம். பிஎஸ்எம் (ஆழ்தூக்க) நிலையில் சில மைக்ரோ ஆம்பியர் என்று டேட்டாஷீட் சொல்கிறது. இவால்யுவேஷன் போர்டில் அடாப்டர் கம்பியில் மீட்டரை வைத்து அளந்தால் 6 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கவே இல்லை. ஏடி+சிபிஎஸ்எம்எஸ்=1 போட்டிருக்கிறேன்.

#20 ஓம்விதி

6 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 144 மில்லி ஆம்பியர்-மணி. 2000 பேட்டரி இரண்டு வாரத்தில் காலி. ஆனால் அதைத் தின்பது மாட்யூல் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கம்பியில் பவர் விளக்கு, கன்வெர்ட்டர், யூஎஸ்பி-யூஆர்ட் சிப், லெவல் ஷிஃப்டர் எல்லாம் தொங்குகின்றன. நீங்கள் அளந்தது மொத்தக் குடும்பத்தின் சாப்பாடு.

மாட்யூலுக்குப் போகும் விபேட் வழியில் ஒரு ஜம்பரோ 0 ஓம் ரெசிஸ்டரோ இருக்கும், அளப்பதற்கென்றே வைப்பது. அதை எடுத்துவிட்டு அங்கே மீட்டரை வையுங்கள். கூடவே யூஆர்ட் ஜம்பர்களையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் #13இல் சொன்ன அதே பின்வாசல் கசிவு இங்கேயும் கணக்கைக் கெடுக்கும். மாட்யூலின் யூஎஸ்பியையும் பிடுங்குங்கள். பல மாட்யூல்கள் யூஎஸ்பி செருகியிருக்கும்வரை தூங்கவே போகாது.

மீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்துவிட்டு மாட்யூலை ஆன் செய்தால், மீட்டரின் உள் ரெசிஸ்டர் வழியாக நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் போக முடியாமல் மாட்யூல் ரீசெட் ஆகும், அல்லது மீட்டரின் ஃபியூஸ் போகும். எனவே மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் கம்பியைப் போட்டு வையுங்கள். மாட்யூல் எழுந்து, பதிவு செய்து, அனுப்பி, தூங்கிய பிறகு அந்தக் கம்பியை மெதுவாக எடுங்கள். அது எழும் நேரம் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடுங்கள்.

#21 அலைவரிசை

பிஎஸ்எம் உங்களுக்குக் கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். நாம் கேட்கலாம், கொடுப்பது நெட்வொர்க். ஏடி+சிபிஎஸ்எம்எஸ்=1,,,"00100100","00000101" என்றால் முதலாவது நேரத்தில் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை தானே எழும் என்பது) முதல் மூன்று பிட் ஒரு மணி நேர அலகு, மீதி ஐந்து பிட் 4, ஆக நான்கு மணி நேரம். இரண்டாவது நேரத்தில் அலகு 2 விநாடி, எண் 5, ஆக பத்து விநாடி விழித்திருந்து அப்புறம் தூங்கும். இரண்டு நேரத்துக்கும் அலகு அட்டவணை வேறு வேறு, ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதாதீர்கள். பதிவான பிறகு ஏடி+சிஇஆர்இஜி=4 போட்டுவிட்டு மறுபடி கேட்டால், நெட்வொர்க் உண்மையில் கொடுத்த நேரங்கள் வரியின் கடைசியில் வரும். அங்கே காலியாக இருந்தால் நெட்வொர்க் பிஎஸ்எம் தரவில்லை, நீங்கள் ஜம்பரை எங்கே வைத்தாலும் எண் இறங்காது.

#22 புதுச்சுற்று

நெட்வொர்க் கொடுத்திருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் கேட்டதற்கு அதைவிட நீளமான நேரம் தந்திருக்கிறது, பரவாயில்லை, அனுப்ப வேண்டியபோது நானே எழுப்பிக்கொள்கிறேன். ஜம்பர்களைக் கழற்றி, குறுக்குக் கம்பி முறையில் அளந்தேன்: 11 மைக்ரோ ஆம்பியர். யூஆர்ட் ஜம்பர்களைத் திரும்ப மாட்டியதும் எண் பல மடங்கு ஏறுகிறது, கசிவு கண்முன்னே தெரிகிறது.

இப்போது கேள்வி, கருவி போய் உட்காரும் இடத்தில் சிக்னல் இந்த மேஜையில் இருப்பது போல இருக்காது. பலவீனமான சிக்னலில் ஒரு செய்திக்கு எவ்வளவு பேட்டரி போகும் என்பதை இங்கேயே பார்க்க வழி உண்டா?

#23 அலைவரிசை

உண்டு, பார்த்தே ஆக வேண்டும். என்பி-ஐஓடியில் சிக்னல் மோசமானால் மாட்யூல் அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மேல்நோக்கி 128 தடவை வரை, கீழ்நோக்கி 2048 தடவை வரை விதியில் இடம் இருக்கிறது. ஒரு விநாடியில் முடிந்த வேலை பல விநாடிக்கு நீளும், அதுவும் முழு பவரில். பேட்டரி ஆயுளை நல்ல சிக்னலில் அளந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் களத்தில் உதை விழும்.

எஸ்எம்ஏ கனெக்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே 50 ஓம் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போடுங்கள். இரண்டு திசையிலும் சமமாகக் குறைக்கும், எனவே மாட்யூலும் சத்தமாகப் பேசத் தொடங்கும். −85இல் இருப்பவருக்கு 30 டிபி போட்டால் −115 வர வேண்டும். அவ்வளவு இறங்கவில்லை என்றால் சிக்னல் ஆன்டெனா வழியாக அல்லாமல் போர்டுக்குள் நேராக நுழைகிறது, போர்டை மூடிய உலோகப் பெட்டியில் வைத்து எஸ்எம்ஏவை மட்டும் வெளியே விடுங்கள். பெட்டிக்குள் போகும் பவர் கம்பியும் ஆன்டெனா மாதிரி வேலை செய்யும், முடிந்தால் பேட்டரியையும் உள்ளேயே வையுங்கள்.

#24 ஓம்விதி

அளக்கும்போது விபேட் ஜம்பர் இடத்தில் 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஸ்கோப்பில் பாருங்கள், 2 ஆம்பியருக்கு 0.2 வோல்ட் விழும், அது தாங்கும். எழுந்ததில் இருந்து மறுபடி தூங்கும்வரை வளைவின் கீழே உள்ள பரப்பை எடுத்தால் ஒரு செய்திக்கான செலவு. உச்ச கரண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், நேரம்தான் பேட்டரியைத் தின்னும். ஒவ்வொரு அட்டெனுவேட்டருக்கும் பல முறை எடுங்கள், ஒரே அமைப்பில்கூட எண் நிறைய ஆடும்.

#25 சாலிடர்புகை

ஜிஎன்எஸ்எஸ் பக்கம் அட்டெனுவேட்டரை மாட்டிவிடாதீர்கள். ஆக்டிவ் ஆன்டெனாவுக்கு அந்தக் கம்பியிலேயே டிசி வோல்ட்டேஜ் போகும், அட்டெனுவேட்டர் அதைக் கிரவுண்டுக்கு இழுக்கும்.

#26 புதுச்சுற்று

10 டிபி, 20 டிபி இரண்டும் ஆர்டர் போட்டாயிற்று, சேர்த்து மாட்டினால் 30 ஆகிவிடும். பெட்டிக்கு ஒரு உலோகப் பிஸ்கட் டின் இருக்கிறது, மூடி இறுக்கமாக உட்காருகிறது. மூன்று அளவிலும் எடுத்த எண்களை இதே இழையில் போடுகிறேன்.